பாரசீகச் சிந்தனையாளர்களின் சுதந்திரக் கருத்தை நான்கு அமர்வுகளில் படிக்க

வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இதைப் படிக்க உட்காருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் உருது பேசுகிற ஒருவராவது குழுவில் இருப்பார். ஆசாதி (சுதந்திரம்), கானூன் (சட்டம்), அதாலத் (நீதி) எல்லாம் அவருக்குப் பழகிய சொற்கள். ஆற்காடு நவாபுகளின் தர்பார் மொழியும் பாரசீகம்தானே.

எட்டுப் பேர் போதும். வாரம் ஒரு அமர்வு, ஒன்றரை மணி நேரம், நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு சார்ட் தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: யார், எங்கிருந்து எழுதினார், யாருக்காக, யாருடைய அதிகாரத்துக்குக் கடிவாளம் கேட்கிறார். நான்காவது கட்டம் நிரம்பாமல் அடுத்தவருக்குப் போகக் கூடாது. அதை விட்டால் எல்லாரும் ஒரே மாதிரி ‘சுதந்திர விரும்பிகளாக’த் தெரிவார்கள், படித்ததில் பயன் இருக்காது.

முதல் அமர்வு பயணிகளுக்கு. லக்னோவில் பிறந்து 1799இல் ஐரோப்பா கிளம்பிய, பாரசீகத்தில் எழுதிய அபூ தாலிப் கான், 1815இல் ஈரானிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போன மிர்ஸா சாலேஹ் ஷிராஸி. இவர்கள் கண்டதைச் சொல்கிறவர்கள், சீக்கிரம் முடித்துவிடலாம்.

இரண்டாவது அமர்வுக்குத்தான் முழு நேரமும் வேண்டும். பாரிஸில் ஈரான் தூதரகத்தில் இருந்த யூசுஃப் கான் முஸ்தஷாருத்தௌலா 1870 வாக்கில் எழுதிய ‘யக் கலிமே’ (‘ஒரே சொல்’) நூலை எடுங்கள். நாட்டுக்குத் தேவை சட்டம் என்ற ஒரே சொல் என்கிறார். பிரான்ஸின் 1789 உரிமைப் பிரகடனத்தைப் பக்கத்தில் வைத்து, விதிக்கு விதி ஒப்பிட்டுப் படியுங்கள். ஒவ்வொரு கொள்கைக்கும் குர்ஆன் வசனமோ ஹதீஸோ துணைக்கு வரும். ‘வெறும் காப்பி’ என்று ஒருவர், ‘எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது’ என்று இன்னொருவர்: விவாதம் இங்கேதான் தடம் புரளும். இரண்டையும் ஒத்திவைத்து, அந்த வசனம் யாரைச் சமாதானப்படுத்த வந்தது என்று கேளுங்கள்.

அதற்கான கூர்மையான பதில் மூன்றாவது அமர்வில். டிஃப்லிஸில் (இன்றைய ஜார்ஜியாவின் திபிலிசி) இருந்த எழுத்தாளர் அகுந்த்ஸாதே, ‘யக் கலிமே’வை வாசித்துவிட்டு எழுதிய விமர்சனம்: ஆண் பெண் சமத்துவம், முஸ்லிம் அல்லாதாருக்குச் சம உரிமை, இவற்றை ஷரீஅத்தோடு இப்படிப் பொருத்த முடியாது. என் கணிப்பில், அந்த நூற்றாண்டின் மிக நேர்மையான சண்டை இதுதான். இருவரையும் ஒரே நாளில் வைத்தால் இரண்டுமே மங்கிப்போகும்.

அதே அமர்வில், லண்டனில் ஈரான் தூதராக இருந்த மல்கம் கான். 1890இல் லண்டனிலிருந்து அவர் தொடங்கிய ‘கானூன்’ இதழின் முகப்பில் இருந்தவை ஒற்றுமை, நீதி, முன்னேற்றம். சுதந்திரம் அதில் இல்லை என்பதைச் சார்ட்டில் குறியுங்கள். 1889இல், ஈரானில் லாட்டரி நடத்தும் உரிமை பற்றிய விவகாரத்தில் தூதர் பதவி போன பிறகே இதழ் வந்தது என்பதையும் எழுதுங்கள். அதற்காக அவர் வாதத்தைத் தள்ள வேண்டாம். கோபத்தின் தேதியைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

நான்காவது அமர்வில், ஈரான் அரசியலமைப்பின் 1907 துணைச் சட்டத்தின் மூன்று விதிகள் மட்டும். 8ஆவது விதி சட்டத்தின் முன் சமம் என்கிறது. 20ஆவது விதி பத்திரிகைச் சுதந்திரம் தந்து, மார்க்கத்துக்குக் கேடானவற்றை விலக்குகிறது. 2ஆவது விதியில், சட்டங்களைச் சரிபார்க்க ஐந்து பேருக்குக் குறையாத முஜ்தஹிதுகள் (மார்க்கச் சட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதியுள்ள அறிஞர்கள்). மூன்றையும் வாசித்துவிட்டு, எந்த விதியில் யாருடைய வாதம் ஒலிக்கிறது என்று சார்ட்டில் கோடு இழுங்கள். ஈரானின் 1906 தேர்தல் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை தரவில்லை. அதற்கு யாரிடமிருந்து கோடு போவது என்பதில் குழு பிரியும், பிரியட்டும்.