பழைய மேசன் பதக்கம் கிடைத்தால் முதலில் திருப்பிப் பாருங்கள்

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், பழைய பாத்திரக் கடையில், உடைந்த குத்துவிளக்குகளுக்கு நடுவே கவராயமும் மூலைமட்டமும் பின்னிக்கிடக்கிற ஒரு பதக்கம் எனக்குக் கிடைத்தது. ஏதோ பள்ளிக்கூட மெடல் என்றார் கடைக்காரர். அது ஃப்ரீமேசன் சங்கத்துடையது: சுருக்கமாக மேசன், சடங்குகளோடு கூடும் பழைய சகோதரச் சங்கம்.

இந்தச் சங்கத்துக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770-களிலேயே மேசனாகச் சேர்ந்தவர். அப்புறம் பட்டாளமும் ரயிலும் வந்தன, அவற்றோடு சங்க உறுப்பினர்களும் வந்தார்கள். அதனால் ராணிப்பேட்டை, அரக்கோணம், ஜோலார்பேட்டை பக்கம் பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று காதில் விழுந்தால் உடனே போய்க் கேளுங்கள். சேட்டுக் கடையிலும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் வெள்ளிப் பதக்கம் அங்கே போனால் உருக்கப்போகிற வெள்ளிதான், எடைக்குக் கொஞ்சம் மேலே போட்டுக் கொடுத்தாவது வாங்கிவிடுங்கள்.

கையில் எடுத்ததும் பின்பக்கம். நடக்கிற சிங்க முத்திரை இருந்தால் 92.5 சதவீத வெள்ளி, இங்கிலாந்து வேலை. பக்கத்தில் நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், சிறுத்தை முகம் என்றால் லண்டன், கூடவே இருக்கிற ஒற்றை எழுத்து வருஷத்தைச் சொல்லும். ஆள் பெயரும் லாட்ஜ் எண்ணும் பொறித்திருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்! (லாட்ஜ் என்றால் இங்கே தங்கும் விடுதி இல்லை, சங்கக் கிளை.) பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் பார்த்த பிதாகரஸ் தேற்றப் படம் தொங்கினால் அது லாட்ஜ் தலைவராக இருந்து முடித்தவருடையது. முதல் உலகப்போர் நினைவாக லண்டனில் கட்டி 1933-இல் திறந்த மேசன் மாளிகைக்கு 10 கினி (பழைய ஆங்கிலேயப் பணக் கணக்கு) நன்கொடை கொடுத்தவர்களுக்கும் ஒரு வெள்ளிப் பதக்கம் உண்டு, 1914–1918 என்று போட்டிருக்கும். எருமைத் தலை இருந்தால் அது மேசன் இல்லை, பஃபலோஸ் என்ற வேறொரு இங்கிலாந்துச் சகோதரச் சங்கம், 1822-இல் தொடங்கியது.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த முதல் பதக்கத்தை வீட்டுப் பித்தளைச் சொம்பு மாதிரி நினைத்துத் தேய்த்ததில் மேலே இருந்த தங்க முலாம் பாதி போய்விட்டது, இன்றைக்கும் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. காய்ந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றினால் போதும்.

சங்கத்தார் சட்டையில் குத்திக்கொள்ளும் பட்டு ரிப்பன் இன்னும் நுட்பமான சரக்கு. அமெரிக்கச் சங்க ரிப்பன்களில் பல இரண்டு பக்கமும் அணியக்கூடியவை: ஊர்வலத்துக்கு வண்ணப் பக்கம், உறுப்பினர் இறந்தால் கறுப்பில் வெள்ளி எழுத்துப் பக்கம். அந்தக் காலப் பட்டுக்கு எடை கூட்ட உலோக உப்பு ஏற்றினார்கள், அதனால் மடித்த இடத்தில் தானாகவே கிழியும். மடிக்கவோ தொங்கவிடவோ வேண்டாம், அமிலமில்லாத தாளில் படுக்கவையுங்கள். வேலூர் வெயிலில் மொட்டை மாடிச் சுவரை ஒட்டிய பீரோவில் வைக்கவே கூடாது. ரப்பர் பேண்டு போட்டால் வெள்ளி கறுக்கும். செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) பட்டனைத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், அதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காமல் தனியே வையுங்கள்.

100 வருஷம் தாண்டியது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, யார் ஆசை காட்டினாலும் சரி.

வாங்கிய அன்றே ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி வையுங்கள்: எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டிலிருந்து வந்தது, கொடுத்தவர் என்ன சொன்னார்.