பார்வையற்றோருக்குப் பாய்மரப் படகு: தேர்வில் நேரும் தவறுகள்

பார்வையற்றோருக்குப் பயிற்சி தர நினைக்கும் படகுக் கழகங்கள் முதலில் கேட்பது, "எந்தப் படகு கவிழாது?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான்; அதோடு நின்றுவிடுகிறார்களே, அங்கேதான் தவறு தொடங்குகிறது. கன்னத்தில் படும் காற்று, பாய் படபடக்கும் ஓசை, உட்கார்ந்த பலகையின் சாய்வு, சுக்கானின் இழுப்பு: இவற்றை வைத்துத்தான் பார்வையற்றவர் படகை ஓட்டுகிறார். இவற்றை உணரவிடாத படகில் அவர் வெறும் பயணி.

அதனால் சக்கரம் வைத்த சுக்கானைத் தவிர்த்துவிடுங்கள். சுக்கானோடு நேரடியாக இணைந்த நீளக் கைப்பிடிக்கு டில்லர் என்று பெயர். சுக்கான் எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைக் கை இருக்கும் இடமே சொல்லிவிடும். காற்று வலுத்துப் படகு சாய்ந்தால் முனை காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பு உடனே உள்ளங்கைக்கு வந்து சேரும். சக்கரம் என்றால் இடையிலுள்ள இணைப்புகளிலேயே அந்த உணர்வில் பெரும்பகுதி கரைந்துவிடும். நடுநிலை எங்கே என்று வேறு தேட வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பொருந்தும் படகு இவருக்கும் பொருந்தும் என்று நினைப்பது இன்னொரு தவறு. அப்படிப்பட்ட ஹன்சா 303 அருமையான படகுதான். தாழ்வான இருக்கையில் முன்னோக்கி அமர்ந்து, ஜாய்ஸ்டிக் என்ற சிறு கைப்பிடியைப் பிடித்து ஓட்டலாம்; முதல் நாளின் பயம் போய்விடும். ஆனால் காற்றுக்கேற்பப் பக்கம் மாறி அமர்ந்து, உடல் எடையால் படகைச் சமன் செய்யும் பழக்கம் அதில் வராது.

உள்ளே அறை இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, வெளியே எத்தனை பேர் வசதியாக உட்காரலாம் என்று பாருங்கள். பார்வையற்றோர் உலகப் போட்டிகளில் நால்வர் குழு: சுக்கானையும் பெரிய பாயையும் பார்வையற்ற இருவர் கையாள, பார்வையுள்ள இருவர் உடனிருப்பார்கள். அவர்கள் வழிகாட்டலாம், சுக்கானைத் தொடக்கூடாது. புரூஸ் கிர்பி வடிவமைத்த, சோனார் என்ற 23 அடிப் படகு இதற்கு ஏற்றது. அடியில் கீல் என்ற எடை கொண்ட தகடு இருப்பதால் எளிதில் கவிழாது. உட்காரும் இடமும் தாராளம்.

பேசும் கருவிகளைக் கண்டபடி பொருத்துவதும் வேண்டாம். திசை சொல்லும் கருவி ஒன்று உதவும். ஓயாத குரல் பாயின் ஓசையை அமுக்கிவிடும். இத்தாலியின் கார்டா ஏரியில் வளர்ந்த ஹோமரஸ் முறையில், பார்வையுள்ளவர் யாரும் படகில் இல்லாமலே போட்டி நடக்கிறது. மிதவைகள் ஒலி எழுப்பும். படகிலுள்ள கருவி எழுப்பும் ஒலியைக் கேட்டே அது எந்தப் பக்கக் காற்றில் வருகிறது என்று எதிராளி அறிந்துகொள்வார்.

குறைபார்வை உள்ளவர்களை மறந்துவிடாதீர்கள். வெயிலில் வெள்ளைத் தளமும் வெள்ளைக் கயிறும் அவர்களுக்கு ஒன்றாகக் கலந்துவிடும். அடர் நிறக் கயிறுகள் போடுங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு தடிமனில் இருந்தால் முழுமையாகப் பார்வையற்றவரும் தொட்டே பிரித்தறிவார்.

சின்னப் படகே இவர்களுக்குப் போதும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மிட்சுஹிரோ இவமோட்டோ என்ற பார்வையற்ற ஜப்பானியர், பார்வையுள்ள ஒரு துணைவருடன் 2019இல் சான் டியாகோவிலிருந்து ஃபுகுஷிமா வரை எங்கும் நிற்காமல் பசிபிக்கைக் கடந்தார்.

வாங்கும் முன் ஓட்டப் போகிறவரையே அழைத்துச் செல்லுங்கள். கரையிலேயே முனை முதல் சுக்கான் வரை தடவிப் பார்க்கட்டும்; பாயின் அடிக்கட்டையான பூம் தலையில் இடிக்குமா என்று அமர்ந்து பார்க்கட்டும். இரண்டு படகுக்குப் பணம் இருந்தால் இரண்டையும் ஒரே வகையில் வாங்கி, கயிறுகளை ஒரே இடத்தில் கட்டுங்கள். ஒன்றில் பழகிய கை மற்றொன்றிலும் தடுமாறாது.