ரைஃபிள் தோட்டா ரீலோடிங்: பிரைமரை நம்பி ஏமாறாதீர்கள்

போன ஞாயிறு டெக்ஸாஸில் நான் வழக்கமாகச் சுடும் ரேஞ்சில், ரீலோடிங்குக்கு (சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் புதுப் பிரைமர், பவுடர், புல்லட் வைத்து மறுபடி தோட்டா செய்வது) புதிதாக வந்த ஒரு தம்பி சுட்ட கேஸை, அதாவது அந்தக் கூட்டை, விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "பிரைமர் ஓரம் உருண்டையாத்தான் இருக்குண்ணா, இன்னும் அரை கிரெயின் ஏத்தலாம்" என்றார். பிரைமர் தட்டையாகாவிட்டால் அழுத்தம் எல்லை தாண்டவில்லை, பவுடரை இன்னும் அரை கிரெயின் (சின்ன எடை அளவு) கூட்டலாம் என்பது அவர் கணக்கு. எட்டு வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. தராசைச் சரிபார்ப்பது, பவுடரை இரண்டு முறை கொட்டாமல் இருப்பது எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரைமரைப் பார்த்து அழுத்தம் சொல்வது

பிரைமர் என்பது கேஸின் அடியில் உட்கார்ந்து பவுடரைப் பற்ற வைக்கும் மெல்லிய உலோகக் கிண்ணம். ஒரு கம்பெனியின் கிண்ணம் கெட்டி, இன்னொன்றுடையது மென்மை. கேஸ் சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) தளர்வாக உட்கார்ந்தால் பிரைமர் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகிவிடும். அது வீண் பயம்தான். எல்லை தாண்டிய பிறகும் ஒன்றுமே காட்டாமல் இருப்பதுதான் ஆபத்து. .30-30 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையின் அழுத்த உச்ச வரம்பு 42,000 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .270 வின்செஸ்டருக்கு 65,000. இரண்டிலும் உட்காருவது ஒரே அளவு பிரைமர். அப்படியிருக்க, .30-30 தன் வரம்பைத் தாண்டியதை அந்தப் பிரைமர் எப்படிக் காட்டும்?

"என் பேரல் வேகமானது"

இதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் நானே சொன்னது. என் .308 ரைஃபிளுக்கு ஒரு ஜனவரியில் லோடு (பவுடர், புல்லட், கேஸ் சேர்ந்த கணக்கு) தயார் செய்தேன். ரீலோடிங் புத்தகம் தரும் உச்ச அளவுக்கு ஒரு கிரெயின் குறைவாகத்தான் பவுடர் போட்டிருந்தேன். ஆனால் குரோனோகிராஃப் (புல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி), புத்தகம் உச்ச லோடுக்குச் சொன்ன வேகத்தைவிட நொடிக்கு 80 அடி அதிகம் காட்டியது. நல்ல பேரல் (துப்பாக்கிக் குழல்) வாய்த்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பிரைமரும் அழகாக இருந்தது.

ஆகஸ்ட் வெயிலில் அதே தோட்டாக்கள் காரில் இரண்டு மணி நேரம் கிடந்தன. மூன்றாவது குண்டுக்குப் பிறகு சேம்பரை மூடும் போல்ட்டின் கைப்பிடி எழும்பவில்லை. உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தேன். கேஸின் அடியில் எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் பாகம்) துளையின் அச்சு பளபளவென்று பதிந்திருந்தது. ஏற்கெனவே அந்த லோடில் சுட்டு வைத்திருந்த கேஸ்களில் புதுப் பிரைமர் ஏற்றினால், தடையே இல்லாமல் உள்ளே நழுவியது. அழுத்தத்தில் பிரைமர் குழி விரிந்துவிட்டிருந்தது. 50 கேஸ்களையும் நசுக்கிப் போட்டேன்.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. லோடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வந்தபோதே நடுவில் ராணுவ கேஸுக்கு மாறியிருந்தேன். அதன் சுவர் தடிமன், உள்ளே இடம் குறைவு. அதே பவுடர் அதிகமாக அழுத்தும். மாறியவுடன் புத்தகத்தின் தொடக்க லோடுக்கு இறங்கி மறுபடி ஏறி வந்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

வேகம் சும்மா ஏறிவிடாது. அதே புல்லட், அதே பேரல் நீளம் என்றால், கூடுதல் வேகம் பெரும்பாலும் கூடுதல் அழுத்தத்திலிருந்துதான் வருகிறது. புத்தகத்தின் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், புத்தகத்தில் இன்னும் ஒரு கிரெயின் பாக்கி இருந்தாலும்.

போல்ட் திறக்க இறுக்கமாக இருந்தால்

அன்றைக்குச் சுட்டது போதும்.

கேஸ் நீளம்

.308 கேஸ் 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதன் வாய் சேம்பர் முனையில் நெருக்குண்டு புல்லட்டை விடாமல் பிடிக்கும், அழுத்தம் எகிறும். ஒவ்வொரு முறை ரீசைஸ் செய்த (கேஸைப் பழைய அளவுக்கு அழுத்திக் கொண்டுவந்த) பிறகும் அளந்து பாருங்கள்.

வெயில்

பவுடர் சூடேறினால் அழுத்தமும் ஏறும், தோட்டாப் பெட்டி நிழலில் இருக்கட்டும். சேம்பர் சூடாக இருக்கும்போது அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

அந்தத் தம்பியின் குரோனோகிராஃபை வாங்கிப் பார்த்தேன். புத்தகத்தைவிட 60 அடி அதிகம். பெட்டியில் மீதி 14 தோட்டாக்கள் இருந்தன. அன்று மாலையே என் வீட்டு மேஜையில் இருவருமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புல்லட்டை உருவிப் பிரித்தோம்.