விடுமுறை வீட்டைப் பூட்டும் முன் வால்வை மூடுங்கள்

ஆள் புழங்கும் வீட்டில் குழாய் கசிந்தால் யார் கண்ணிலாவது பட்டுவிடும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் விடுமுறை வீட்டில், தரையும் சுவரும் மரச்சாமான்களும் ஊறிய பிறகே தெரியவரும். ஈரம் பட்ட இடத்தில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே பூஞ்சை வளரத் தொடங்கலாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாளே எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ மறைவாக ஒழுகுகிறது. கிளம்பும் நாளில் கண்டுபிடித்தால் பழுது பார்க்க நேரம் இருக்காது.

புறப்படும்போது முதலில் வாட்டர் ஹீட்டரை அணையுங்கள். தொட்டியில் நீர் குறைந்தபின் அது ஓடினால் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி கருகிவிடும். பிறகு முதன்மை வால்வை மூடி, ஆகத் தாழ்வான குழாயைத் திறந்து தேங்கிய நீரை வடியவிடுங்கள். தீயணைப்புத் தெளிப்பான்கள் இருந்தால் அவற்றின் இணைப்பை மட்டும் தொட வேண்டாம். உறைபனி விழும் இடங்களில் இந்த வடிப்பைத் தவிர்க்கவே கூடாது: தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், குழாய் தாங்காது.

நான் அதிகம் சந்தேகப்படுவது வாஷிங் மெஷினின் பின்னால் கிடக்கும் ரப்பர் குழாயைத்தான். அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எஃகுப் பின்னல் போட்ட குழாயாக மாற்றுங்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படியுங்கள். வீடு குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் ஆளின்றி இருந்தால் நீர்ச் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு.