தொப்பூர் இறக்கத்துக்கு முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்: வீட்டிலேயே செய்யும் முறை

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் சாலை விடாமல் இறங்குகிறது. சென்ற ஆண்டு அங்கே, முன்னால் ஊர்ந்த லாரிகளுக்காகப் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். பாதி வழியில் பெடல் பஞ்சுபோல் உள்ளே போய்விட்டது. கியரைக் குறைத்து, கைபிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து ஓரம் கட்டினேன். பின் இருக்கையில் அம்மா இருந்தார். அரை மணி நேரம் ஆறிய பிறகு பெடல் தானாகவே இறுகியது. கார் வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியும் பிரேக் ஆயிலை நான் ஒருமுறைகூட மாற்றியதில்லை. காரணம் அதுதான்.

பிரேக் ஆயில் என்கிறோமே தவிர, அது எண்ணெய் அல்ல. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிரேக் திரவத்தின் தரத்தை டாட் 3, டாட் 4 என்று எண்ணிட்டுச் சொல்வார்கள். புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155தான். டாட் 3க்கு இவை 205, 140. இறக்கத்தில் சூடு ஏறித் திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நம் மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

எதை வாங்குவது? பிரேக் திரவத் தொட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3 கேட்கும் காருக்கு டாட் 4 ஊற்றலாம்; மலைப்பாதையில் ஓட்டும் நமக்கு அதுவே நல்லது. டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கோன், மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 வேறு, அது கிளைக்கால் வகைதான். அரை லிட்டர் போத்தல் இரண்டு வாங்குங்கள். கடையில் பாதி ஊற்றி மூடி வைத்த போத்தலை விலை குறைத்துத் தந்தாலும் தொடாதீர்கள்.

ஆடிக்காற்றில் செம்மண் பறக்கும் நாளிலும் மழை நாளிலும் இந்த வேலை வேண்டாம். சமதரையில் காரை நிறுத்தி, ஜாக்கியில் தூக்கி, தாங்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். தொட்டி மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடைத்துவிடுங்கள். பழைய திரவத்தைப் புதிய ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்து, புதியதை ஊற்றுங்கள். பழையது டிகாக்‌ஷன் நிறம், புதியது வெளிர் மஞ்சள்; வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்து, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் பழைய திரவத்தையும் வெளியேற்றும் 'காற்று எடுப்பது'. பெடலிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. உங்கள் காரின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் திரவத்தை வெளியே விடும் சிறு திருகு ஒன்று இருக்கும், அதுதான் நிப்பிள். அதில் ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன் மேல் ஒளிபுகும் குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் திரவம் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள்.

நான் தோற்றது இதற்கு அடுத்த படியில். உள்ளே அண்ணன் மகன் உட்கார்ந்து மிதித்தான், நான் நிப்பிளைத் திறந்தேன். மூடுவதற்குள் அவன் காலை எடுத்துவிட்டான். காற்று உள்ளே போனது. இரண்டு மணி நேரம் மிதித்தும் பெடல் இறுகவில்லை. பிறகு ஒரு வழிமுறை வைத்துக்கொண்டோம். அவன் மிதித்து, "மிதித்துவிட்டேன் சித்தப்பா" என்பான். நான் கால் சுற்று திறப்பேன். திரவம் வந்ததும் மூடிவிட்டு, "எடு" என்பேன். அந்தச் சொல் காதில் விழும்வரை பெடல் தரையைத் தொட்டாலும் கால் அசையக்கூடாது. குமிழ் இல்லாமல் புது நிறம் வரும்வரை இப்படியே. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை தொட்டியைப் பாருங்கள். அது வற்றினால் எல்லாம் முதலிலிருந்து. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் அதன் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால், அதை எடுக்கப் பட்டறையின் கணினிக் கருவியே தேவைப்படலாம்.

தனியாளாகச் செய்ய உறிஞ்சும் பம்பு கிடைக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நிப்பிளின் மரை வழியாகவும் காற்றை இழுத்துக் குமிழ் காட்டும், வேலை முடிந்ததா இல்லையா என்றே தெரியாது. துணைக்கு ஓர் ஆள் இருப்பதே மேல்.

முடிந்ததும் தொட்டியை மேல் கோடுவரை நிரப்புங்கள். இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு நிப்பிளிலும் கசிவு பாருங்கள். முதலில் வாசலுக்குள்ளேயே மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

பின்சேர்க்கை 1: அரூர் வாசகர் ஒருவர் பழைய காரில் இதைச் செய்ததும் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் திரவத்தைக் குழாய்களுக்குள் தள்ளும் உருளை) கசியத் தொடங்கியதாக எழுதியிருந்தார். நான் சொல்லாமல் விட்டது என் தவறு. பெடலைத் தரைவரை மிதிக்கும்போது, உள்ளிருக்கும் ரப்பர் வழக்கமாகப் போகாத, அழுக்கேறிய பகுதியில் உரசிக் கிழியலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 2: துருப்பிடித்த நிப்பிளைப் பலம் கொண்டு திருகினால் ஒடிந்துவிடும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். திரவம் பெயின்ட்டில் சிந்தினால் துடைத்துத் தேய்க்காமல், உடனே தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். பழையதைக் கிணற்றுப் பக்கமோ சாக்கடையிலோ கொட்டாமல், மூடிய போத்தலில் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.