கத்தோலிக்கப் பள்ளியின் செய்திமடல்: மாணவர் செயல்பாடுகளையும் துறைச் செய்திகளையும் எழுதும் முறை

பருவத்துக்கு ஒரு முறை வெளிவரும் பள்ளிச் செய்திமடலைத் தொகுக்கும் பொறுப்பு பெரும்பாலும் தமிழாசிரியரிடம்தான் வந்து சேருகிறது. துறைகளிலிருந்து வரும் குறிப்புகளோ ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும்: “எம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வெகு சிறப்பாக நடைபெற்றது. தாளாளர் தலைமை தாங்கினார். தலைமையாசிரியர் முன்னிலை வகித்தார். சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைத்தார். மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர். நாட்டுப்பண்ணுடன் விழா இனிதே நிறைவுற்றது.” இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மாணவர்களுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. அந்த வரியை எந்தப் பள்ளியின் எந்த ஆண்டுக் கண்காட்சிக்கும் பொருத்திவிடலாம். செய்திமடலின் முதற்பொருள் மாணவர் செய்த செயல். மேடையில் அமர்ந்தவர்களின் வரிசை அதற்குப் பின்னரே வர வேண்டும்.

அதே கண்காட்சியை அரங்கில் நின்று பார்த்தவர் இப்படி எழுதலாம்: “மதிய உணவுக்குப் பின் கைகழுவும் குழாய்களில் எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்பதை அறிய, ஒன்பதாம் வகுப்பு மாணவியர் மூவர் ஐந்து நாள்கள் வாளி வைத்துப் பிடித்து அளந்தனர். சொட்டும் குழாய்கள் நான்கு எனக் கண்டு, அவற்றைச் சரிசெய்யுமாறு தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தனர். பழுது நீக்கிய பின் மீண்டும் அளந்த அளவையும் தங்கள் அட்டையில் சேர்த்திருந்தனர்.” இது எடுத்துக்காட்டுக்காக நான் எழுதியது. நீளத்தில் முன்னதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இதைப் படிக்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பது தெரிகிறது, அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வரும் மாணவிக்கு ஒரு யோசனையும் கிடைக்கிறது.

இவ்வாறு எழுதுவதற்கான வழி நம் பள்ளிகளுக்குள்ளேயே இருக்கிறது. பெல்ஜியம் நாட்டு அருள்பணியாளரும், 1965இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டவருமான ஜோசப் கார்டைன், இளந்தொழிலாளரிடையே பணியாற்றியபோது ‘பார், சிந்தி, செயல்படு’ என்னும் முறையை வகுத்தார்; திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலும் இதை எடுத்துரைத்தது. கத்தோலிக்கப் பள்ளிகளில் இயங்கும் இளம் மாணவர் இயக்கத்தின் கூட்டங்கள் இம்முறையில்தான் நடக்கின்றன. செய்தி எழுதும்போதும் இதே மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: மாணவர்கள் எதைப் பார்த்தார்கள், அதைப்பற்றி என்ன பேசி முடிவெடுத்தார்கள், பிறகு என்ன செய்தார்கள். மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால் அச்செய்தி இன்னும் முடியவில்லை என்று பொருள். அடுத்த மடலுக்கு ஒத்திவைக்கலாம், அல்லது “பணி தொடர்கிறது” என்று நேர்மையாகவே எழுதிவிடலாம்.

திரட்டும் வேலையை ஜூன் மாதத்தில், பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, அதற்கு ஓர் ஆசிரியரையும் இரு மாணவச் செய்தியாளர்களையும் பொறுப்பாக்குங்கள். செய்தியாளர்களை ஒன்பதாம் வகுப்பிலிருந்தும் பதினொன்றாம் வகுப்பிலிருந்தும் எடுப்பது நல்லது. பத்தாம் வகுப்பினரையும் பன்னிரண்டாம் வகுப்பினரையும் பொதுத்தேர்வுச் சுமையோடு இதிலும் இழுத்துவிடுவது முறையன்று. நிகழ்ச்சி முடிந்த அன்று மாலையே, வீட்டுக்குப் போகுமுன் பத்து வரி எழுதிவிட வேண்டும் என்பது ஒன்றே அவர்களுக்கான கட்டாய விதி. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எண்கள் போய்விடும், பெயர்கள் போய்விடும், ‘வெகு சிறப்பாக’ மட்டும் மிஞ்சும். இதற்கு ஒரு நல்ல முன்மாதிரியைச் சொல்ல வேண்டுமானால், கத்தோலிக்கப் பொதுநிலையினரின் அமைப்பான மரியாயின் சேனையின் செயலர் வைத்திருக்கும் குறிப்பேட்டைச் சொல்வேன். வாரந்தோறும் கூட்டத்தில் முந்தைய வாரக் குறிப்பை வாசித்து ஒப்புதல் பெறும் வழக்கம் அங்கே இருப்பதால், யார் எந்தப் பணியை ஏற்றார், அதை முடித்தாரா என்பது ஒளிவுமறைவின்றி அதில் பதிவாகியிருக்கும்.

நாள்காட்டியைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 15 சுதந்திர நாள். மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவும் அன்றுதான். செப்டம்பர் 5 ஆசிரியர் நாள். புனித அன்னை தெரேசா மறைந்த நாளும் அதுவே. இத்தகைய நாள்களில் கொடியேற்றமும் திருப்பலி என்னும் கத்தோலிக்க வழிபாடும் நாடகமும் ஒரே பத்தியில் கலந்து, எது எதற்காக நடந்தது என்று தெரியாமல் போவதைப் பல மடல்களில் பார்த்திருக்கிறேன். இரண்டு தனிச் செய்திகளாக எழுதுங்கள். தேசிய கணித நாளான டிசம்பர் 22 அரையாண்டுத் தேர்வையும் கிறிஸ்துமஸ் விடுமுறையையும் ஒட்டி வருவதால், கணித மன்றத்தின் நிகழ்ச்சி பெரும்பாலும் முன்கூட்டியோ ஜனவரியிலோதான் நடக்கும். நடந்த நாளையே குறிப்பிட வேண்டும், நாள்காட்டியில் உள்ள நாளை அல்ல.

துறைகளில் செய்தி வாங்குவதற்குக் கடினமானது கணிதம்தான். “எங்களிடம் என்ன செய்தி இருக்கிறது, பாடம் நடத்தினோம்” என்று அத்துறை ஆசிரியர்கள் கூச்சத்தோடு சொல்வார்கள். அப்போது கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இந்தப் பருவத்தில் எந்தக் கணக்கைப் பிள்ளைகள் உங்களுக்குத் தெரியாத ஒரு வழியில் போட்டார்கள்? இப்படிக் கேட்டபோது ஓர் ஆசிரியர் என்னைக் கரும்பலகைக்கே அழைத்துச் சென்று, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் காகிதத்தை மடித்தே ஒரு தேற்றத்தை விளக்கிய விதத்தைச் செய்து காட்டினார். அந்த மடலின் மிகச் சிறந்த செய்தி அதுவாகவே அமைந்தது.

தமிழ்த் துறையின் இடர் வேறு: அங்கே சொற்கள் மிகுதி. கத்தோலிக்கப் பள்ளிகளில் வீரமாமுனிவரின் பிறந்த நாளான நவம்பர் 8 அன்று பேச்சுப் போட்டி நடப்பதுண்டு. அதைப்பற்றிய செய்தி ஆண்டுதோறும் ஒரே வாழ்க்கைக் குறிப்பாகத் திரும்பத் திரும்ப அச்சாகிறது. அவர் 1680இல் இத்தாலியில் பிறந்ததை வாசகர் ஏற்கெனவே அறிவர். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட்டு எழுதிய பழைய முறையையும் அவர் செய்த திருத்தத்தையும் ஏழாம் வகுப்பினர் பலகையில் எழுதிக் காட்டினார்கள் என்றால், அதை எழுதுங்கள். அவர்கள் எழுதிய சொற்களில் இரண்டையாவது அப்படியே தாருங்கள்.

உடற்கல்வித் துறைக்கு இவ்வளவு சொல்லத் தேவையில்லை. குறுவட்டப் போட்டியா, வருவாய் மாவட்டப் போட்டியா, மாநிலப் போட்டியா என்பதும், பிரிவும், நேரமோ தூரமோ புள்ளியோ எவ்வளவு என்பதும் இருந்தால் போதும். தோற்ற ஆட்டங்களையும் எழுதுங்கள்.

திருவழிபாடு பற்றிய செய்திகளில் தனிக் கவனம் வேண்டும். நம் பள்ளிகளில் பயில்வோரில் மற்ற சமயத்தவரே மிகுதியாக இருக்கும் இடங்கள் பல. முதல் வெள்ளித் திருப்பலி, தவக்காலத் தியானம், உறுதிபூசுதல் (நம்பிக்கையில் உறுதிப்படுத்தும் திருச்சடங்கு) போன்றவற்றை அவர்கள் வீட்டிலும் படிப்பார்கள் என்பதால், முதல் முறை வரும்போது அரை வரியில் விளக்கிவிட வேண்டும். திருப்பலியைச் சிற்றூர்களில் ‘பூசை’ என்று சொல்வது பழைய வழக்கு. பேச்சில் அது இருக்கட்டும், மடலில் ஒரே சொல்லைக் கையாளுங்கள். கத்தோலிக்க மாணவர்களுக்கான மறைக்கல்வி வகுப்பைப் போலவே, அதே நேரத்தில் மற்ற மாணவர்களுக்கு நடக்கும் நன்னெறி வகுப்பின் செய்தியும் இடம்பெற வேண்டும். பாதிப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசும் மடலைப் பள்ளியின் மடல் என்று சொல்ல முடியாது.

இனிப் பெயர்கள். இதை நான் வலியோடுதான் எழுதுகிறேன். ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய இரு மாணவியர் இருந்தனர். முன்னெழுத்து மட்டுமே வேறு. மாவட்டக் கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றவளின் பெயரோடு மற்றவளின் முன்னெழுத்தை நான் அச்சிட்டுவிட்டேன். அடுத்த மடலில் திருத்தம் வெளியிட்டோம். ஆனால் அவள் வீட்டில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்தது முதல் மடலின் பக்கம்தான். அதில் அந்த முன்னெழுத்தின்மேல் அவள் தாத்தா நீல மையால் சரியான எழுத்தை எழுதியிருந்தார். அதன்பின், வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு பெயரையும் நான் அச்சுக்கு அனுப்புவதில்லை. புனிதர் பெயர்களில் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. அந்தோனி, அந்தோணி; சவரி, சவேரியார், சேவியர்; சூசை, யோசேப்பு, ஜோசப் என்று ஒரே புனிதரின் பெயர் வீட்டுக்கு வீடு வடிவம் மாறும். ‘சூசை’ என்று பதிவேட்டில் உள்ள மாணவனை ‘ஜோசப்’ என்று நாகரிகப்படுத்த நமக்கு உரிமையில்லை.

அச்சிடக் கூடாதவையும் உண்டு. கல்விக் கட்டணத்துக்கு உதவி பெற்ற மாணவரின் பெயரையோ, காசோலையைப் பிடித்து நிற்கும் படத்தையோ போடாதீர்கள். உதவியவருக்கு நன்றி சொல்ல அவர் பெயரும், எத்தனை மாணவர் பயனடைந்தனர் என்னும் எண்ணும் போதும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் குடும்பச் சூழலை எழுதுவதும் அப்படியே. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் தடைசெய்கின்றன. பள்ளி மடலில் அத்தகைய செய்தி நல்லெண்ணத்தோடு நுழைந்தாலும் குற்றமே. படம் வெளியிடப் பெற்றோரின் எழுத்து ஒப்புதலை ஆண்டுத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள். தேர்வு முடிவுகளைப் பொறுத்தவரை, மாநில அளவில் முதலிடம் பெற்றோரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டதன் நோக்கத்தை நாமும் மதிக்க வேண்டும். ஐந்நூற்றுக்கு எத்தனை, அறுநூற்றுக்கு எத்தனை என்று முகப்படத்தோடு வரிசைப்படுத்துவதைவிட, பின்தங்கிய மாணவர்களுக்காக மாலை வகுப்பு எடுத்த ஆசிரியரையும் அங்கே உடன் பயிற்றுவித்த மாணவரையும் பற்றி எழுதுவது பள்ளியின் இயல்பை நன்கு காட்டும்.

துறைக் குறிப்பைச் செம்மைப்படுத்தும்போது முதலில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை ஆகிய நான்கையும் எடுத்துச் செய்தியின் இறுதியில் ஒரே வரியில் வைத்துவிடுங்கள். இதனால் மனக்கசப்பு வரும் என்று அஞ்சத் தேவையில்லை. முதல் மடலுக்கு முன்பே தாளாளரிடமும் தலைமையாசிரியரிடமும் காரணத்தை விளக்கி இசைவு பெற்றுவிட்டால், பெரும்பாலும் அவர்களே இதை வரவேற்பார்கள். பிறகு ‘சீரும் சிறப்புமாக’, ‘இனிதே’, ‘வெகு விமரிசையாக’ போன்றவற்றை நீக்கிப் பாருங்கள். நீக்கியபின் செய்தியில் ஒன்றுமே மிஞ்சவில்லையென்றால், செய்தியாளரை மீண்டும் அந்தத் துறைக்கு அனுப்பிக் கேட்டு வரச் செய்ய வேண்டும். திருத்திய வடிவத்தை எழுதிய மாணவரிடமே காட்டி, எதை ஏன் மாற்றினோம் என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்வது அவருக்கு இலக்கண வகுப்பைவிடப் பயன்படும்.

மதுரை மிஷனில் பணியாற்றிய இயேசு சபை என்னும் துறவற சபையினர் பதினேழாம் நூற்றாண்டில் ஆண்டுதோறும் எழுதி அனுப்பிய மடல்களை, நாயக்கர் காலத்தை ஆராய்பவர்கள் இன்றும் எடுத்துப் படிக்கிறார்கள். பஞ்சமும் போரும் மக்கள் பட்ட பாடும் அவற்றில் கண்டவர் கண்டபடி பதிவாகியிருப்பதே அதற்குக் காரணம். நம் மடலும் அதுபோல் என்றோ ஒருவர் கையில் கிடைக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு, ஒவ்வோர் இதழிலும் ஆண்டையும் பருவத்தையும் இதழ் எண்ணையும் முகப்பில் அச்சிடுங்கள். படங்களுக்குக் கீழே, நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகத் தாருங்கள். கல்வியாண்டு முடிந்ததும் இதழ்களை ஒன்றாகத் தைத்து ஒரு தொகுதியை நூலகத்திலும், ஒன்றைப் பள்ளி அலுவலகத்திலும் வையுங்கள். துறை நோட்டுகளைப் பழைய தாள்காரரிடம் போட்டுவிடாமல், அவற்றையும் அந்தத் தொகுதியின் பக்கத்திலேயே அடுக்குங்கள். அச்சில் இடமில்லாமல் நாம் விட்டுவிட்ட வரிகள் அவற்றில்தான் இருக்கின்றன.