கடியூகஸ்: கெதியா விழுறது வேற, வேளைக்கே விழுறது வேற

ஒரு செடியைப் பற்றின விவரத்தில ‘புல்லி கடியூகஸ் (caducous)’ எண்டு கிடக்கும், புல்லி எண்டுறது மொட்டை மூடியிருக்கிற வெளி இதழுகள், போனில டிக்‌ஷனரியைத் தட்டினா ‘நிலையற்றது’ எண்டு வரும், உடன ஆக்கள் குறளின்ர 34ஆம் அதிகாரம் நிலையாமை வரைக்கும் போய்த் தத்துவம் கதைக்கத் தொடங்கிடுவினம். அங்க தத்துவம் ஒண்டும் இல்லை. விழுறதைக் குறிக்கிற லத்தீன் வினையில இருந்து வந்த சொல்லு அது, தாவரவியலில அதுக்கு ஒரே வேலைதான்: செடியின்ர ஏதோ ஒரு உறுப்பு, அப்பிடிப்பட்ட உறுப்புகள் வழமையா உதிருற காலத்துக்கு முந்தியே கழண்டு விழுந்திடும் எண்டு சொல்லுறது. எங்கட பேச்சில ‘வேளைக்கே’ எண்டுறம் பாருங்கோ, அதுதான் இதுக்குச் சரியாப் பொருந்துது. ‘கெதியா விழும்’ எண்டு எழுதினா விழுற வேகத்தைச் சொல்லுற மாதிரிப் போயிடும், ‘கொஞ்ச நாள்தான் இருக்கும்’ எண்டு எழுதினா ஆயுளைச் சொல்லுற மாதிரி. இது ரெண்டும் இல்லை, எந்தக் கட்டத்தில விழுது எண்டுறதுதான் கேள்வி.

தோட்டக்கரையில மஞ்சள் பூவோட முள்ளுமுள்ளா நிக்கிற பிரமதண்டைப் பாருங்கோ. மொட்டை மூடிக்கொண்டு புல்லி இதழ் இருக்கும், பூ விரியுறதும் அது விழுறதும் ஒண்டாத்தான் நடக்கும், அதால விரிஞ்ச பூவில புல்லியைத் தேடினா கிடைக்காது. அது கடியூகஸ். மற்றப் பக்கம் கத்தரி, காய் முத்திச் சந்தைக்குப் போய்க் குசினிக்கு வந்த பிறகும் அந்தப் பச்சைத் தொப்பி கழராது, அதுவும் புல்லிதான், ஆனா நிலைச்சு நிக்கிற வகை. இந்த ரெண்டுக்கும் நடுவில நிக்கிறது டெசிடியூவஸ், தன்ர வேலை முடிஞ்ச பிறகோ பருவம் வந்தோ உதிருறது. பாற்பல்லுக்கு டெசிடியூவஸ் எண்டு சொல்லுறதும் அதாலதான், பிள்ளைக்குக் கொஞ்சக் காலம் சாப்பிட உதவிப்போட்டுத்தான் அது விழும்.

இதை முழு மரத்துக்குப் போடுறது இன்னொரு பிழை. இலவும் முள்முருக்கும் இலையைக் கொட்டிப்போட்டு நிக்கிறதைப் பாத்திட்டு ‘கடியூகஸ் மரம்’ எண்டு எழுதுறவை இருக்கினம், அது டெசிடியூவஸ் மரம். இதில பிரான்சில இருக்கிற எங்கட சொந்தக்காரற்ற பிள்ளையளைக் குறை சொல்லேலாது, ஏனெண்டா பிரெஞ்சில இலையுதிர் மரத்துக்குச் சாதாரணமாவே கடுக் எண்ட சொல்லைத்தான் போடுவினம், பள்ளிக்கூடத்தில அதைத்தான் படிப்பிக்கிறது. வேர் ஒண்டுதான், ஆனா ஆங்கிலத்தில செடி விவரிக்கிற ஆக்கள் அதை இறுக்கிச் சின்ன வேலைக்கு ஒதுக்கிப்போட்டினம். மெஷின் மொழிபெயர்ப்பை நம்பினா இந்த இடத்தில கவனம்.

ஆனா இதையெல்லாம் விடப் பெரிய பிழை ஒண்டு இருக்கு, அது சொல்லைப் பிழையா எழுதுறதில வாறேல்லை, சொல்லையே எழுதாம விடுறதில வருது. முத்தின கொப்பு ஒண்டை முறிச்சுக்கொண்டு வந்து வைச்சுப் பாத்திட்டு ‘இலையடிச்செதில் இல்லை’ எண்டு எழுதிப்போடுவினம். இல்லை எண்டுறதும் இருந்து விழுந்திட்டுது எண்டுறதும் ஒண்டோ? தென்மராட்சிப் பக்கம் ஒரு பலாக் கொப்பின்ர நுனியைப் பாருங்கோ, புது இலையைச் சுத்திக் கூரா ஒரு உறை இருக்கும், அதுதான் இலையடிச்செதில், இலை விரிய அது கழண்டு விழுந்திடும். விழுந்த இடத்தில கொப்பைச் சுத்தி மோதிரம் போட்ட மாதிரி ஒரு தழும்பு நிக்கும். ஆலிலயும் அரசிலயும் அதே கதைதான், இந்த மூண்டும் சேந்த குடும்பத்தைக் கண்டுபிடிக்க உதவுற அடையாளங்களில அதுவும் ஒண்டு. ஆனபடியா ‘இல்லை’ எண்டு எழுத முதல் தழும்பைத் தேடுங்கோ, நுனி மொட்டைப் பாருங்கோ, படம் எடுக்கிறதெண்டாலும் விரிஞ்ச பூவை மட்டும் எடுக்காமல் மொட்டு, பூ, காய் மூண்டையும் எடுங்கோ. வடிவான பூப்படம் மட்டும் போட்டிட்டு இது என்ன செடி எண்டு கேட்டா அரைவாசி ஆதாரம் ஏற்கனவே நிலத்தில விழுந்து கிடக்கும்.

எங்கட வேலிப் பூவரசிலயே ஒரே பூவில ரெண்டு வகையும் பாக்கலாம், எனக்கு இதைக் காட்டிப் படிப்பிக்கிறதுதான் சுகம். பூ காலமை மஞ்சளா இருந்து பின்னேரம் சிவந்து போறது எல்லாருக்கும் தெரியும், புல்லிக்கு வெளியால இருக்கிற சின்னச் செதில்களை ஆர் பாக்கினம்? பெரும்பாலும் மூண்டு இருக்கும், அது வேளைக்கே விழுந்திடும், கடியூகஸ். ஆனா உள்ளுக்க இருக்கிற கிண்ணம் மாதிரிப் புல்லி காயோடயே நிக்கும், பூவரசங்காயில பம்பரம் விட்ட ஆக்கள் அந்தத் தட்டைக் கையாலயே தடவியிருப்பியள். அதால ‘பூவரசு கடியூகஸ்’ எண்டு மொட்டையா எழுதினா அர்த்தமே இல்லை, என்ன உறுப்பு எண்டு கட்டாயம் சொல்லவேணும்.

அதே குடும்பத்து வெண்டியில இது இன்னும் பெரிய விசயம். செடியளை வகைப்படுத்திப் பேர் வைச்ச லின்னேயஸ் 1753இல வெண்டியைச் செவ்வரத்தையின்ர சாதியான (பேரினமான) ஹைபிஸ்கஸுக்கதான் வைச்சார், பேந்து மெடிக்குஸ் எண்டவர் 1787இல அபெல்மொஸ்கஸ் எண்டு தனிச் சாதி ஒண்டைக் கொண்டுவந்தார், இப்ப வெண்டி இருக்கிறது அதுக்கதான். அந்தப் பிரிவைக் காட்டுற முக்கிய அடையாளம் புல்லி: வெண்டியில அது ஒரு பக்கத்தால கிழிஞ்சு, அல்லியோட (உள்ளுக்க இருக்கிற நிற இதழுகளோட) ஒட்டிக்கொண்டு, பூ வாடினவுடன அதோடயே சேந்து விழுந்திடும், ஹைபிஸ்கஸில புல்லி காயோட நிக்கும். அதாலதான் வெண்டிக்காயில கத்தரிக்கு இருக்கிற மாதிரித் தொப்பி இல்லை, அடியில ஒரு வரம்பு மட்டும் தட்டுப்படும். இதில ஒண்டு, வெண்டிப் புல்லிக்குச் சில புத்தகம் கடியூகஸ் எண்டும் சிலது டெசிடியூவஸ் எண்டும் போடும். பிரமதண்டு அளவுக்கு அது வேளைக்கு விழேல்லைத்தானே, அல்லியோடதானே விழுது. என்னைக் கேட்டா சொல்லோட சண்டை பிடிக்காமல் ‘அல்லியோட சேந்து விழும்’ எண்டு எழுதிறது நல்லம், வாசிக்கிறவைக்கு அதுதான் விளங்கும்.

பக்கத்துச் சொல்லு ஒண்டும் இருக்கு, ஃபியூகேஷஸ். அது சட்டெண்டு வாடிப்போறது, மறைஞ்சுபோறது. சாட்டிக் கடற்கரை மணலில படர்ற அடம்பன்கொடி (திரண்டால் மிடுக்கு எண்டுறமே, அதேதான்) காலமை பூத்து வெயில் ஏற வாடிடும், அந்தப் பூவுக்கு இது பொருந்தும். மழைக்குப் பிறகு முளைக்கிற சில காளான்களின்ர தண்டில இருக்கிற வளையத்துக்கும் இதைப் போடுவினம், முத்தின காளானில அது இருந்த இடமே தெரியாது. இதின்ர பெயர்வடிவம் ஃபியூகாசிட்டி, ஆனா கெமிஸ்ட்ரிக்காறருக்கு அந்தச் சொல்லு வேற, அது ஜி. என். லூயிஸ் எண்ட வேதியியலாளர் 1901இல கொண்டுவந்த அளவு, நிஜ வாயு ஒண்டின்ர அமுக்கத்துக்குப் பதிலாப் போடுறது, அலகும் அமுக்கத்தின்ர அலகுதான்.

உச்சரிக்கேக்க அழுத்தம் ‘டியூ’வில வரவேணும், ‘கேடுகஸ்’ இல்லை. ஸ்பெல்லிங்கில ஒரு எழுத்து மாறினாலே போனில ஆட்டோகரெக்ட் கடியூசியஸ் எண்டு மாத்திப்போடும், அது கிரேக்கத் தெய்வம் ஹெர்மிஸின்ர கையில இருக்கிற ரெண்டு பாம்பு சுத்தின தடி, இதுக்கும் அதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. செடி விவரம் எழுதி அனுப்ப முதல் அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்ப ஒருக்காப் பாருங்கோ.